கொசு அடித்த விரல்

கன்ட்ரோல் ரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரும்படி பயிற்சிப் பிரிவில் கேட்டிருக்கிறார்கள். "ஷீல்டு வாங்கினீங்களே சார், அந்தக் கதைய எழுதுங்க" என்று ஒரு யோசனையும் சொன்னார்கள். ஷீல்டு கதையை எழுதுகிறேன். அது என் வீட்டில் எங்கே போய் முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அது வேண்டாம் என்று தோன்றினால் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் பாதியை மட்டும் அச்சடித்து என்னைப் பெரிய மனிதனாக்க வேண்டாம்.

மணலிப் பக்கத்தில் ஓர் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் பேனல் பார்த்தவன் நான். அந்த வேலையின் நெளிவுசுளிவுகளை உங்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் பேச வந்தது ஒரே ஒரு பட்டனைப் பற்றி. எங்கோ ஒரு பம்ப் சூடாகிறது, உடனே பஸ்ஸர் கத்துகிறது, பேனலில் ஒரு விளக்கு மின்னுகிறது. நீங்கள் அக்னாலெட்ஜ் பட்டனை அழுத்தினால் பஸ்ஸர் நின்றுவிடும். 'பார்த்துவிட்டேன், இனி இது என் பொறுப்பு' என்று இயந்திரத்துக்குச் சொல்லும் பட்டன் அது. பம்ப் அப்படியேதான் சூடாகிக்கொண்டிருக்கும். சத்தம் மட்டும்தான் நின்றிருக்கும்.

எங்கள் ஷிப்டில் யாரும் அதை அக்னாலெட்ஜ் என்று சொன்னதில்லை. 'கொசு அடிப்பது' என்போம். வருகிற அலாரங்களில் முக்கால்வாசி வெறும் தொல்லை. கடல்காற்று திரும்பினால் ஒன்று கத்தும், கனமான லாரி அதிர்ந்துகொண்டு போனால் ஒன்று கத்தும், தூறல் விழுந்தால் நாலு கத்தும். "இன்னிக்கு இன்னா, கொசு ஜாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவோம். வடசென்னையில் பிறந்தவனுக்குக் கொசு அடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண் டிவியில் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கை தானாகப் போய் அடித்துவிட்டு வரும். பட்டனையும் அப்படித்தான் அடித்தோம். அதில் என்னைவிட வேகமானவன் எங்கள் ஆலையில் கிடையாது.

ஷீல்டும் அதற்காகத்தான் வந்தது. ஒரு நாள் மத்தியானம் மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி வந்ததில் பேனல் முழுக்க ஒரே நேரத்தில் மின்ன ஆரம்பித்தது. பஸ்ஸர் ஓயவில்லை. இன்ஜினியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நான் ஒரு கையால் கொசுவை அடித்துத் தள்ளிக்கொண்டே, நடுவில் நிஜமான இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, இரண்டு வால்வுகளைச் சாத்தச் சொன்னேன். ஆலை நிற்காமல் தப்பியது. எதைப் பார்க்க வேண்டும் என்பதைவிட எதைப் பார்க்காமல் விடலாம் என்று தெரிந்தவன் என்று மேடையில் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி என் தலைக்கு ஏறியது. இறங்கவே இல்லை.

என்னோடு ஒரே பேட்சில் சேர்ந்தவன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. சடையங்குப்பத்திலிருந்து வருவான். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாலும் ஷிப்டுக்கு முன்னால் வந்துவிடுவான். அவனிடம் ஒரு பழக்கம். அலாரம் வந்தால் பேனலில் எரியும் பெயரை முதலில் வாய்விட்டுப் படிப்பான், அப்புறம்தான் பட்டனைத் தொடுவான். "வடக்கு யார்டு, மொதலாவது வாயு சென்சார்" என்று செய்தி வாசிப்பது மாதிரி வாசித்துவிட்டு அழுத்துவான். பள்ளிக்கூடப் பிள்ளையா நீ என்று கேலி செய்து 'ரேடியோ' என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்தவன் நான்தான்.

வடக்கு யார்டில் முதலாவது சென்சார் எங்களுக்குப் பெரிய தலைவலி. காற்றடித்தாலே கத்தும். ஒரு நாள் சாயங்காலம் நானும் அவனும் பேனலில் இருக்கிறோம், பஸ்ஸர் அடிக்கிறது, வடக்கு யார்டு. என் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் படித்தான். படித்து முடித்ததும் அவன் முகம் மாறியது. வழக்கமாகக் கத்துவது ஒன்றாம் நம்பர், அன்று எரிந்தது இரண்டாம் நம்பர். அங்கே சாரத்தின் மேல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் ஆளைக் கீழே இறக்கச் சொல்லி போனில் கத்தினான். இறக்கிவிட்டார்கள். ஒரு குழாய் மூட்டில் வாயுக் கசிவு இருந்தது. அந்த மனிதர் இன்றைக்கும் திருவொற்றியூர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். ஆபத்தைக் கண்டுபிடித்தவன் நான் என்று அவருக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

அன்றைக்கே நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ரேடியோவுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இனி என் அப்பாவைப் பற்றி. அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, அடியிலிருக்கும் சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. கீழே என்ன நடக்கிறது என்பது வின்ச் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சரக்குப் பள்ளத்தின் விளிம்பில் சிக்னல் காட்டுகிற ஆள் நிற்பார், அவர் கையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். கை மேலே போனால் தூக்கு, கீழே வந்தால் இறக்கு, மூடினால் நில். "கை மூடிட்சின்னா அவ்ளோதான்டா. நம்ம புத்திய கயட்டி பக்கத்துல வச்சிட்டு நிக்கணும். அவசரப்பட்டு ஒரு இஞ்ச் ஆட்டுனா கீய ஒருத்தன் காலி" என்பார். அப்படி நின்று நின்றே வேலையை முடித்தவர். அவர் வின்ச்சில் ஒரு ஆளுக்கும் அடிபட்டதில்லை.

அம்மா போன பிறகு கல்மண்டபத்து வீட்டில் தனியாக இருந்தார். திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வரச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டும் அசையவில்லை. வீட்டுக்கு எதிரே ஜெபமணியம்மாவின் மளிகைக் கடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்கும் அப்பா வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மீன்பாடி வண்டி போகிற அகலம்தான். நான் ஓய்வு பெற்ற வருடம் அப்பாவுக்கு எண்பத்து மூன்று. ஒரு நாள் காலை அவர் பாத்திரம் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்தார். உப்பு வாங்க வரவில்லையே என்று எட்டிப் பார்த்த ஜெபமணியம்மாதான் தூக்கி உட்கார வைத்தார். அந்தத் தடவை வெறும் சிராய்ப்போடு போயிற்று.

அந்த வாரமே நானும் என் தங்கை மல்லிகாவும் அப்பா வீட்டில் உட்கார்ந்து, விழுந்தால் தெரிவிக்கும் அலாரம் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தோம். மல்லிகா வியாசர்பாடியில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறவள், தினமும் வந்து பார்க்க முடியாது. எந்த அலாரம் என்பதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன். கடையில் மூன்று விதம் காட்டினார்கள். சுவரில் கயிறு தொங்கும், பிடித்து இழுத்தால் மணி அடிக்கும். மயங்கிக் கிடப்பவர் எப்படி இழுப்பார் என்று அதைத் தள்ளினேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டன் ஒன்று. அதைப் பார்த்ததும் அப்பா, "இன்னாடா இது, மாட்டுக்கு மணி கட்றா மாரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது, கையில் கடிகாரம் மாதிரிக் கட்டிக்கொள்வது. விழுந்த அதிர்ச்சியைத் தானாக உணர்ந்து நம் போனுக்கு அலாரம் அனுப்பும். அதை வாங்கினேன்.

அதில் மூன்று பேரின் நம்பரை வரிசையாகப் போடலாம். முதலில் இருப்பவருக்கு அலாரம் போகும். அவர் போனில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் மற்றவர்களுக்குப் போகாது. கையிலிருக்கும் கருவி ஒரு பெண் குரலில், "உதவி வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும். முதல் ஆள் அரை நிமிடம் வரை அழுத்தவில்லை என்றால் இரண்டாவது ஆளுக்குப் போகும், அப்புறம் மூன்றாவது. இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அடித்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூன்று பேருமே இருந்துவிடுவார்கள், பொறுப்பு என்றால் ஒருவனிடம் இருக்க வேண்டும் என்று மல்லிகாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்ப மொத நம்பரு ஜெபமணியம்மாது போடுண்ணா. எட்டிப் பாத்தாலே தெரிஞ்சிடும். நீ அங்கேர்ந்து வண்டி எட்த்துகினு வரணும்."

"அவங்க அரிசி அளந்துகினு இருப்பாங்க, போன எங்க பாப்பாங்க? அலாரம் பாக்கறதுதான் என் பொயப்பே. என்னுது மொதல்ல இருக்கட்டும்."

"சரிண்ணா" என்றாள். அண்ணன் படித்தவன், ஷீல்டு வாங்கினவன். இரண்டாவதாக ஜெபமணியம்மா, மூன்றாவதாக அவள் என்று போட்டேன்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அப்பாவை விழச் சொல்ல முடியாது. மெத்தையைத் தரையில் போட்டு, கருவியை என் கையில் கட்டிக்கொண்டு நானே தொப்பென்று விழுந்தேன். முன்னால், பின்னால், பக்கவாட்டில். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரிட்டேர்டு ஆயிட்டு குட்டிக்கரணம் போட வந்துட்டான்" என்று எதிர்க்கடைக்குக் கேட்கும்படி சொன்னார். ஐந்து தடவை விழுந்தேன், ஐந்து தடவையும் போன் அடித்தது. அவர் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

எவ்வளவு அதிர்ச்சிக்கு அலாரம் வர வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். இருப்பதிலேயே நுணுக்கமானதில் வைத்தேன். பொய்யாக நூறு வந்தாலும் நிஜமாக ஒன்று விட்டுப்போகக் கூடாது என்பது நாங்கள் ஆலையில் படித்த பாடம். பொய்யாக நூறு வந்தால் பார்க்கிறவனின் கை என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்த பாடம்தான். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் வாரத்தில் மூன்று முறை அலாரம் வந்தது. மூன்றும் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால். ஏற்கிறேன் என்று அழுத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்கப் போய் நின்றேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் முறை கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார்: "ஒண்ணியும் இல்லடா. கொசு அடிச்சேன்."

தொடையில் ஓங்கி ஒரு தட்டு. அந்த அதிர்ச்சியை அது விழுந்த கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன். பழைய சகாக்களிடம் சொன்னபோது அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பத்து நாலு வருசம் கொசு அடிச்சிட்டு வந்தவனுக்கு வூட்லயும் கொசுதானா என்றான் ஒருவன்.

அலாரத்தின் நுணுக்கத்தைக் குறைத்திருக்கலாம். கருவியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியிருக்கலாம். குறைத்தால் நிஜம் விட்டுப்போய்விடுமோ என்று பயம், அதோடு என் விரல் மேல் எனக்கிருந்த நம்பிக்கை. எது கொசு எது நிஜம் என்று எனக்கா தெரியாது? அடுத்த வாரங்களில் வண்டி எடுத்துக்கொண்டு போவதை விட்டேன். ஏற்கிறேன் என்று அழுத்திவிட்டு அப்பாவுக்கு போன் செய்து கேட்பேன். "உதவி வருதுன்னு கைல கீற அந்தம்மா சிக்னல் குட்த்துட்சி. இன்னா எட்த்துனு வர, கொசுவத்தியா?" என்பார். கொஞ்ச நாளில் அதற்கும் அலுத்துக்கொண்டார், டிவி பார்க்க விடுடா என்றார். நான் போன் செய்வதையும் நிறுத்தினேன். ஆறு மணிக்கு அலாரம் வரும், நான் அழுத்துவேன். என் மனைவி ஒருமுறை யாரு போன்ல என்று கேட்டாள். கொசு என்றேன்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டி வந்து கூட்டம் இறங்கியது நினைவிருக்கிறது. டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது நினைவிருக்கிறது. போன் அடித்ததும் நான் அழுத்தியதும் நினைவில் இல்லை. எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவே இல்லை.

ஏழே காலுக்கு ஜெபமணியம்மா போன் செய்தார். "அண்ணே, அய்யா ஆறரைக்கெல்லாம் லைட்டு போட்ருவாவ. இன்னைக்கு இருட்டாவே கெடக்கு. கூப்ட்டுப் பாத்தேன், சத்தமில்ல. கொஞ்சம் வாங்கண்ணே."

நான் போவதற்குள் பக்கத்து வீட்டு ஆட்கள் தாழ்ப்பாளை நெம்பித் திறந்திருந்தார்கள். அப்பா சமையலறை நிலைப்படியில் குப்புறக் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தலையில் பட்ட அடியில் ரத்தம் தரையில் வழிந்து உறையத் தொடங்கியிருந்தது. கையில் கருவி, அதன் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அடையாளம் அந்தப் பச்சை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதுதான். தெரியலைங்க என்றேன். எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் வரும்போதே போனில் பார்த்துவிட்டேன். ஆலையில் மாதிரியே அதிலும் பதிவு இருக்கிறது. அலாரம் வந்தது ஆறு மணி நாலு நிமிடம். ஏற்றுக்கொண்டதும் அதே நிமிடம், இடையில் மூன்று வினாடி. என் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. மூன்றே வினாடியில் ஜெபமணியம்மாவுக்குப் போக வேண்டியதை நான் நிறுத்தியிருக்கிறேன். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நல்லது என்று டாக்டரம்மா பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. மல்லிகா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். விழுந்ததும் ஏன் நைனா கத்தவில்லை, எதிரிலேயே கடை இருக்கிறதே என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கடையில அந்தம்மா பேசிகினு இர்ந்திச்சி, கேட்டுகினுதான் கெடந்தேன்" என்றார். குரல் மெதுவாக வந்தது. "கையில சிக்னல் வந்துட்சேடா. உதவி வந்துகினு கீதுன்னு சொல்லிட்சி. நீ வந்துகினு கீறன்னு நெனச்சேன். எதுக்கு கத்தி நாலு பேர பேஜார் பண்ணணும்? ஆடாம கெடந்தேன். அப்பால கண்ணு இருட்டினு வந்துட்சி."

அவர் வின்ச் ஓட்டியவர். சிக்னல் வந்துவிட்டது, புத்தியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றிருக்கிறார். அவருக்கு சிக்னல் காட்டியது என் விரல்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், ஏன்டா லேட்டு என்று. கோபமாக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரி. நான் சொன்னேன்: "எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி ஜாம் நைனா. நவுரவே இல்ல."

"ஆமாமா" என்றார். "லாரிக்காரன் இன்னா பண்ணுவான், பாவம். ஆர்பர் கேட்டு தொறந்தாதான வுடுவான்." என் கையைத் தடவிக் கொடுத்தார். ஜாமில் சிக்கித் தவித்திருப்பேனே என்று என்னைத் தேற்றினார்.

அவர் அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, இருபத்தோராவது நாள் போய்விட்டார். காசிமேட்டு இடுகாட்டிலிருந்து திரும்பியதும் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ பண்ணதுக்கு மேல யாருண்ணா பண்ணுவா என்றாள். ஜெபமணியம்மா வந்து, தன் போனில் அலாரமே வரவில்லை, அந்த மிஷின் சரியில்லை, கடைக்காரனைச் சும்மா விடக்கூடாது என்றார். நான் தலையை ஆட்டினேன். மிஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. இது அச்சாகி வந்தால் மல்லிகாவும் ஜெபமணியம்மாவும் படிப்பார்கள். படித்த பிறகு மல்லிகா என்னோடு பேசுவாளா என்பது தெரியாது. பேசாவிட்டால் அதில் தப்பில்லை.

பேனலில் உட்காருகிறவன் என்பதால் வீட்டில் உங்களையும் கேட்பார்கள், அப்பாவுக்கு எது வாங்கலாம், அம்மாவுக்கு எது வாங்கலாம் என்று. கேட்டால் இதைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரின் நம்பரை முதலில் போடுங்கள், கெட்டிக்காரனின் நம்பரை அல்ல. ஒருவர் அழுத்தியதும் மற்றவர்களுக்கு நின்றுபோகிற கருவியை வாங்காதீர்கள். பொய் அலாரம் வந்தால் அன்றைக்கே ஏன் வந்தது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள், பழகிக்கொள்ளாதீர்கள். கட்டியிருப்பவரின் குரலைக் கேட்காமல் எதையும் அழுத்தாதீர்கள். பேனலிலும் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள், யார் கேலி செய்தாலும் சரி. இதில் பாதியையாவது, அலாரம் வாங்கப் போன அன்றே யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்திருந்தும் விரல் போய்விட்டது. உங்கள் விரலை நீங்கள் எப்படித் தடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஷீல்டைப் பழைய பேப்பரோடு போடப் போனேன், மனைவி விடவில்லை. அலாரத்தைப் பீரோவில் வைத்திருக்கிறேன். அதற்கு சார்ஜ் போடுவதில்லை. ஆனாலும் ஆறு மணிக்கு போன் கையில் இருந்தால் கட்டைவிரல் லேசாக அசைகிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜெபமணியம்மா கூப்பிட்டதும் வண்டியை எடுத்தேன் அல்லவா, திருவொற்றியூரிலிருந்து கல்மண்டபத்துக்குப் பதினெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். தினமும் லாரி வரிசை கட்டி நிற்கிற ரோடு. அன்றைக்கு ஒரு லாரிகூட இல்லை.